உட்காருவதற்கு ஒரு சிகரெட்

சலவை ஆலையில் அவளுக்குக் குக்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கோபம் வந்தால் நெடுநேரம் சத்தமே இருக்காது. பிறகு மூக்கு நுனி சிவக்கும், கீழுதடு ஒரு பக்கம் இழுக்கும். அதைக் கண்டதும் பக்கத்து மேசைப் பெண்கள் மடித்த துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு வேடிக்கைக்கு இடம் பிடிப்பார்கள். விசில் அடித்தபின் அவளை நிறுத்தும் வழி எந்த நிர்வாகவியல் பாடத்திலும் இதுவரை சேர்க்கப்படவில்லை.

ஊரிலுள்ள விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அந்த ஆலைக்குத்தான் வரும். யார் யாரோ படுத்துப் புரண்டு எழுந்த விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான ரோலருக்குள் விட்டு எடுத்தால் மறுமுனையில் வழவழவென்று வெளியே வரும். ரோலரின் முன்பக்கம் நின்று விரிப்பை உள்ளே விடுகிறவன் அவள் கணவன். பின்பக்கம் நின்று வாங்கி மடிக்கிறவள் அவள். நடுவே ஆவி. நாள் முழுவதும் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்க முடியாது. இதனால் குடும்பத்தில் சண்டை குறைவு என்று ஒரு கருத்து உண்டு. அவள் அதை ஏற்கவில்லை.

உலகம் படுப்பதற்காக உழைத்த அந்தக் கீழ்த்தளத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மறந்துபோய் அல்ல, தீர யோசித்துத்தான். நாற்காலி இருந்தால் ஆள் உட்காருவான். ஆள் உட்கார்ந்தால் விரிப்பின் நுனி தரையில் படும். தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். ஆகவே மனித குலம் நிற்பதே துணிக்கு நல்லது என்று மேல்தளத்தில் முடிவாகியிருந்தது. மேல்தளத்தில் அந்த முடிவை உட்கார்ந்துதான் எடுத்தார்கள். கீழே இருந்த ஒரே நாற்காலி சூப்பர்வைசருடையது. அவர் துணி மடிப்பதில்லை என்பதால் அவர் உட்காருவதால் துணிக்குக் கேடில்லை.

ஆனால் நிர்வாகத்துக்கு இதயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புகைப்பவர்களுக்கு இடைவேளை உண்டு. சூப்பர்வைசரே புகைப்பவர்; அந்தத் தவிப்பு அவருக்குத் தெரியும். பாவம், மனுஷனுக்கு நரம்பு இழுக்கும், கை நடுங்கும், அவனைப் பிடித்து நிறுத்தி வைப்பது பாவமல்லவா? எனவே முற்பகலில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை, முறைவைத்துப் பின்பக்கச் சுவரோரம் போகலாம். அங்கே பிளாஸ்டிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அதன்மேல் உட்காரலாம். ஒரு சிகரெட் எரிந்து முடியும் வரைதான் நேரம். அந்த இடத்துக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ஆக்சிஜன்.

"எங்கடா போற?"

"ஆக்சிஜன் ஏத்திட்டு வரேண்ணே."

அவள் கணவன் வேலைக்குச் சேர்ந்தபோது எந்தப் பழக்கமும் இல்லாதவன். டீகூடக் குடிக்க மாட்டான். அதனால் சாமியார் என்று பெயர் விழுந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் நாலு நாள் நின்றதிலேயே ஆலையின் சட்டம் அவனுக்கு விளங்கிவிட்டது. காலில் நரம்பு கயிறாக முறுக்கியது. சூப்பர்வைசரிடம் போய் நின்றான்.

"சார், நானும் கொஞ்சம் வெளிய போய்ட்டு வரட்டா?"

"நீதான் ஊத மாட்டியே. அங்க உனக்கென்ன வேலை?"

"சும்மா உக்காந்துட்டு வரேன் சார்."

சூப்பர்வைசர் அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சும்மா உக்கார்றதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? ஊதறவன் போறான்னா அவனுக்கு ஒரு அவசியம் இருக்கு. உனக்கு என்ன அவசியம்? சோம்பேறித்தனம்."

மறுநாள் சாமியார் ஒரு சிகரெட்டோடு வந்தான். பற்றவைத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கூடைமேல் உட்கார்ந்தான். வாயில் வைக்கவில்லை. இதில் ஒரு நன்மையும் கண்டான்: இழுக்காத சிகரெட் மெதுவாக எரிகிறது. மற்றவர்கள் எழுந்து போனபின்னும் அவன் சட்டப்படி உட்கார்ந்திருந்தான். இந்தக் கண்டுபிடிப்பு சுவரோரம் பரவிச் சிலர் தம் இழுப்பைக் குறைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆலையில் புகைப்பழக்கம் தானாகவே ஒழிந்திருக்கும். அதற்குள் சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார்.

"டேய் சாமியார், என்ன ஊதுபத்தி ஏத்தற மாதிரி புடிச்சிட்டு உக்காந்திருக்க? கம்பெனிய ஏமாத்தறியா? இழுத்தாத்தான் பிரேக்கு. இழு!"

இழுத்தான். இருமினான். சுற்றியிருந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள், விடுமுறை நாளில்கூட வாசலில் நின்று ஊதுகிறவனாகிவிட்டான். வீட்டில் உட்கார எவ்வளவோ இடமிருந்தது. ஆனால் உடம்புக்கு இப்போது உட்காருவதும் ஊதுவதும் ஒன்றாகத் தைக்கப்பட்டுவிட்டன.

குக்கருக்கு இதில் இரட்டைக் கோபம். அவன் கெட்டுப்போகிறான் என்பது ஒன்று. அவன் கெட்டுப்போயாவது உட்காருகிறான், நல்லவளாக இருக்கும் தான் நின்றுகொண்டே இருக்கிறோம் என்பது இன்னொன்று. மடிப்புப் பகுதியில் அத்தனை பேரும் பெண்கள். ஒருத்தியும் புகைப்பதில்லை. ஆகவே ஒருத்திக்கும் இடைவேளை இல்லை. ஒழுக்கத்தின் பரிசு, காலில் புடைத்த வெரிகோஸ் நரம்பு.

அவளுக்கு ஒரு தம்பி. அவன் இதே ஆலையில்தான், மேல்தளத்தில், மனிதவளப் பிரிவில் இருந்தான். பட்டப்படிப்புக்கு மேல் இன்னொரு படிப்பும் படித்தவன். குடும்பத்தில் முதன்முதலாகப் புகைத்தவனும் அவனே. கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில், சாமியார் இன்னும் சாமியாராக இருந்த காலத்திலேயே, பெட்டி பெட்டியாக ஊதினான். வேலைக்கு வந்த பிறகு மேல்தளம் அவனைக் கைவிடவில்லை. வாரம் ஒருமுறை ஆலோசகர் வந்து அவன் மனதைப் பற்றி விசாரித்தார். மெல்லுவதற்கு நிக்கோட்டின் கம் கொடுத்தார்கள். கைநடுக்கம் வந்தால் போய்ச் சாய்ந்துகொள்ள, சோபாவும் தொட்டிச் செடியும் உள்ள தனியறை ஒன்று திறந்தார்கள். நடுவில் இரண்டு முறை மறுபடி ஊதி வழுக்கி விழுந்தபோது, "பரவாயில்லை, இது இயல்புதான்" என்றார்கள். விட்டுவிட்டான். கைதட்டினார்கள். தன் மனவுறுதியால் விட்டதாக அவன் மனப்பூர்வமாக நம்பினான்.

குக்கருக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது கால் இரண்டும் வீங்கின. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்து, அடிக்கடி உட்கார வேண்டும், காலைத் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரசவம்வரை வேலைக்கே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வேலையை விட்டால் பிரசவ விடுப்பும் போய்விடும். பிறகு திரும்பிச் சேர முடியாது. அவளுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். சூப்பர்வைசரிடம் போனாள்.

"ஏம்மா, புரிஞ்சுதான் பேசறியா? உனக்கு ஒண்ணு போட்டா நாளைக்கு எல்லாத்துக்கும் கேப்பாளுங்க."

"கேக்கட்டுமே சார். கால் எல்லாருக்கும்தான் இருக்கு."

"ரூல்ல இல்லம்மா. ஊதறதுக்கு ரூல் இருக்கு. வீங்கறதுக்கு இல்ல."

"அப்ப அவரு பிரேக்க எனக்குக் குடுங்க. அவரு ரோலர்லயே நிக்கட்டும், நான் போய் உக்காந்துட்டு வரேன்."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நரம்பு அவனுக்கு இழுக்குது, ரெஸ்ட் உனக்கா? நல்லா இருக்கே கணக்கு!"

அன்று சாயங்காலம் தம்பியைப் படிக்கட்டில் மறித்தாள்.

"டேய், ஒரு ஸ்டூல்டா. சிம்மாசனம் கேக்கல."

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா இதெல்லாம் உடனே பண்ற விஷயமில்ல. மீட்டிங்ல வெக்கணும், பாலிசி மாறணும்…"

"குழந்த பொறந்து, அது வளந்து, உன்ன மாதிரி படிச்சு மேல வந்து உக்காந்து, அப்புறம் மாத்துவீங்களா?"

"கோவப்படாதக்கா. உனக்கு பிபி ஏறும்."

"ஏறட்டும். அதுக்காவது லிஃப்ட் குடுத்தீங்களா?"

அடுத்த வாரம் மேல்தளத்திலிருந்து உதவி வந்தது. ஸ்டூலாக அல்ல, விழிப்புணர்வாக. 'புகையற்ற பணியிடம்' என்ற விருதுக்கு ஆலை விண்ணப்பித்திருந்தது. கீழ்த்தளத்து இளைஞர்கள் ஆலையின் புகைப்பழக்க வரைபடத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனவே எல்லோரையும் குளிரூட்டிய கூட்ட அறைக்கு அழைத்து உரை நிகழ்த்துவது என்று ஏற்பாடு. உரையாற்றுபவர், தம்பி.

கூட்ட அறையில் நாற்காலிகள் இருந்தன. மெத்தை வைத்தவை. இதைத் தம்பி ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டான். கீழ்த்தளம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அதைத் தம்பி ஆர்வம் என்று குறித்துக்கொண்டான். குக்கர் முன்வரிசையில் அமர்ந்து, பக்கத்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

திரையில் அழுகிய நுரையீரல் வந்தது. பிறகு தூண் தூணாக ஒரு வரைபடம். "படிப்பு கூடக்கூட புகைப்பிடிக்கறவங்க குறையறாங்க, பாருங்க. பத்தாவதுக்குக் கீழ நின்னவங்க இவ்வளவு உயரம். டிகிரி முடிச்சவங்க இவ்வளவுதான். ஒரே வயசுதான் எல்லாரும். வித்தியாசம் என்ன? விழிப்புணர்வு!"

"தம்பி, அந்த நுரையீரல் படம் சரியா புரியல. இன்னொரு தடவ போடுங்க" என்றான் உலர்த்தும் பிரிவில் ஒருவன், சாய்ந்து கண்ணை மூடியபடியே.

இன்னொரு தடவை போட்டான். இன்னொருவனுக்கு வரைபடம் புரியவில்லை. மூன்றாமவனுக்கு நிக்கோட்டின் என்றால் ஊர் பெயரா என்று சந்தேகம். ஆளாளுக்குச் சந்தேகம் கிளம்பியது. இத்தனை அறிவுத் தாகம் எந்தப் பல்கலைக்கழகமும் கண்டதில்லை. விஷயம் சுலபம்: புரிந்துவிட்டதென்று சொன்னால் எழுந்து ரோலருக்குப் போக வேண்டும். தம்பி பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தான். பிற்பாடு மேலிடத்துக்கு அவன் சொன்னது இது: 'கீழ்த்தளத்தவரின் புரிந்துகொள்ளும் திறன் கவலைக்குரியது.'

குக்கர் மட்டும் சந்தேகம் கேட்கவில்லை. மூக்கு சிவந்துகொண்டிருந்தது.

"ஏண்டா, நீ எப்ப விட்ட?"

"அக்கா, இது ஆபீஸ். சார்னு கூப்பிட வேணாம், 'டா' மட்டும்…"

"நீ ஊதினப்ப உனக்கு டிகிரி இல்லையா? விழிப்புணர்வு வழியில எங்கயாவது விழுந்திருந்துச்சா? மொட்ட மாடியில ஊதிட்டு வந்து, சட்டைய என்கிட்டத்தான குடுத்து நாத்தம் போகத் துவைக்கச் சொல்லுவ?"

பின்வரிசையில் கண் மூடியிருந்தவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

"சோபா போட்டு, கம்மு குடுத்து, முதுகத் தடவி உன்ன விட வெச்சாங்க. உங்க மாமா ஊதவே தெரியாதவரு. இழுத்தாத்தான் உக்காரலாம்னு சொல்லி இழுக்க வெச்சாங்க. அந்தத் தூண்ல இத எங்கடா போட்டிருக்க?"

தம்பி தண்ணீர் குடித்தான். "அக்கா… நல்ல கருத்து. கடைசியில டிஸ்கஷன் வெச்சிருக்கேன். அங்க பேசலாம்."

நேரமின்மையால் டிஸ்கஷன் நடைபெறவில்லை. விரிப்புகள் குவிந்துவிட்டதால் இரண்டாம் கூட்டமும் நடைபெறவில்லை. அதற்குப் பதிலாக, அழுகிய நுரையீரலைப் பெரிதாக அச்சடித்துப் பின்பக்கச் சுவரில் ஒட்டினார்கள். புகைப்பவர்கள் கூடைகளைத் திருப்பிப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

படம் ஒட்டிய மறுநாள் முற்பகலில் குக்கருக்குக் கால் மரத்துப்போனது. கையிலிருந்த விரிப்பை மேசைமேல் போட்டாள். ரோலரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து கணவனின் சட்டைப் பையில் கையை விட்டாள்.

"ஏய், என்ன பண்ற?"

"உங்க பிரேக்குதான இப்போ? வாங்க. நானும் ஊதறவதான் இன்னிலேருந்து."

"வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு… பைத்தியமா உனக்கு?"

"பத்த வைங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் அவளைக் கண்டதும் தங்கள் சிகரெட்டைத் தரையில் நசுக்கி, பாதி இடைவேளையைத் தியாகம் செய்து, எழுந்து ஓரமாக நின்றார்கள். அவள் ஒரு கூடைமேல் உட்கார்ந்து இன்னொன்றில் காலைத் தூக்கி வைத்தாள். கணவன் பற்றவைத்துக் கொடுத்ததை வாங்கி, காற்று அடிக்கும் பக்கமாகக் கையை நீட்டி, செத்த எலியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஆலைக்குத் தீப்பிடித்தபோதுகூட அவர் இப்படி ஓடியதில்லை.

"ஏம்மா! என்ன அநியாயம் இது! எழுந்திரு, எழுந்திரு!"

"எரிஞ்சு முடியற வரைக்கும் டைமு சார். ரூலு."

"பொம்பள… அதுவும் இந்த நெலமையில… அது எவ்வளவு கெடுதல்னு படத்துல போட்டிருக்கே, பாக்கலையா?"

"தெரியும் சார். அதான் உங்க ஆளுங்கள வெச்சு பாடம் நடத்தினீங்களே. நிக்கறது கெடுதல்னு மட்டும் ஒரு படமும் போடல."

"நீ இழுக்கவே இல்ல! இழுத்தாத்தான்…" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், ஆறுமாத வயிற்றைப் பார்த்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் ஒருவன் அதைப் பூர்த்தி செய்தான்: "சொல்லுங்க சார். இழுக்கச் சொல்லுங்க."

மேல்தளக் கண்ணாடிச் சுவரில் முகங்கள் ஒட்டிக்கொண்டன. தம்பி மூச்சிரைக்க இறங்கி வந்தான்.

"அக்கா, கீழ போடு. விருதுக்காரங்க நாளைக்கு வராங்க. யாராவது போட்டோ எடுத்தா என் வேலையே போயிடும்!"

"அப்படியா? எனக்கு இன்னும் விழிப்புணர்வு வரலடா."

மடிப்புப் பகுதிப் பெண்களில் ஒருத்தி கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. "ஒண்ணு எங்களுக்கும் குடேன், நாங்களும் புடிச்சிட்டு உக்கார்றோம்" என்று ஒரு குரல் வந்தது. ரோலர் வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே விட ஆளில்லை, எடுக்க ஆளில்லை. கீழ்த்தளத்தில் முதல்முறையாக ஒரு நிர்வாகப் பிரச்சினை ஏற்பட்டது.

சிகரெட் எரிந்து முடியுமுன்பே நாற்காலி வந்துவிட்டது. பாலிசி மாறவில்லை, மீட்டிங் கூடவில்லை. மேல்தளத்துச் சோபா அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தம்பியே தூக்கிக்கொண்டு இறங்கினான். மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் போட்டு, அதன் முதுகில் ஒரு தாளை ஒட்டினார்கள்: 'கர்ப்பிணிகளுக்கு மட்டும்.'

குக்கர் அதில் உட்கார்ந்து மடித்தாள். விரிப்பின் நுனி தரையில் படவில்லை. அந்தத் தாள் அன்று பிற்பகலே நீராவியில் உரிந்து விழுந்தது. யாரும் எடுத்து ஒட்டவில்லை. அதன்பிறகு அவள் தன்னுடைய முறை என்றும் மற்றவர்கள் முறை என்றும் பிரித்துவிட்டாள். அவள் எழுந்து நடக்கும் நேரத்தில் ஒருத்தி உட்காருவாள், பிறகு இன்னொருத்தி. ஒருநாள் சாமியாரும் ரோலரை விட்டு வந்து, சுவரோரம் போகாமல், அதில் உட்கார்ந்தான்.

"டேய், ஆம்பள நீ அங்க எதுக்குடா?" என்றார் சூப்பர்வைசர்.

"இங்க உக்காந்தா சிகரெட் வேண்டியதில்ல சார்."

இப்படியாகச் சிலர் ஆக்சிஜனுக்குப் போவதைக் குறைத்தார்கள். முழுதாக விட்டவர்கள் குறைவு; உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டதை அத்தனை சுலபமாக மறக்காது, அதற்குச் சோபாவும் ஆலோசகரும் வேண்டும். சாமியாரும் பிற்பகல் ஒன்றை மட்டும்தான் நிறுத்தினான். ஆனாலும் வரைபடத்தில் தூண் கொஞ்சம் இறங்கியது. விருது வந்தது. விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்காகத் தம்பிக்குத் தனிக் கேடயம். சுவரில் ஒட்டிய நுரையீரல் படத்தின் தாக்கம் விசேஷமாகப் பாராட்டப்பட்டது. நாற்காலி பற்றிப் பேச்சு இல்லை.

அவளுடைய பிரசவ விடுப்பு தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம், தம்பி கேடயத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். வரும்போதே சூப்பர்வைசர் சொன்ன செய்தியையும் கொண்டு வந்தான்: நாளையிலிருந்து கீழே கர்ப்பிணி யாரும் இல்லை, எனவே நாற்காலி மேலே போகிறது.

சாமியார் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே திரும்பப் போட்டான். தம்பி நாற்காலியை இழுத்து உட்காரப் போனான்.

"உக்காராத" என்றாள்.

"என்னக்கா?"

"நின்னுட்டே சாப்பிடு. நின்னுட்டே இரு. உனக்கு ஊதற பழக்கமும் இல்ல, வயித்துல புள்ளையும் இல்ல. எந்த ரூல்ல உக்கார்ற?"

தம்பி சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தப்பா சொல்றது? நாளைக்கு எந்திரிச்சா மறுபடி நான் சுவத்துக்குத்தான் போகணும்" என்றான் சாமியார், தட்டைப் பார்த்தபடி.

"அக்கா, ஷீல்டு குடுத்தவங்ககிட்டப் போய், இது நாற்காலியாலதான்னு சொன்னா என்ன நெனப்பாங்க? நான் பண்ண பிரசன்டேஷன், டேட்டா…"

"அந்த ஷீல்டுமேல கொஞ்சம் உக்காந்து காட்டு. நல்லா இருந்தா அதையே கீழ போட்டுக்கறோம்."

தம்பி நின்றான். கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். ஆலையில் யாரும் அவனை இவ்வளவு நேரம் நிற்க வைத்ததில்லை. ஒரு காலில் பாரத்தைப் போட்டான், பிறகு மறு காலில். சுவரில் சாயப் பார்த்தான்.

"சாயாத. கீழ சாயறதுக்கும் ரூல் இல்ல."

கடைசியில் அவன் கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு ஆலை மேலாளருக்குப் போன் போட்டான். நின்றுகொண்டேதான்.

"சார், வணக்கம் சார்… வீட்ல இருக்கீங்களா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. ஒரு சின்ன விஷயம் சார்…"

குக்கர் கரண்டியைத் தட்டின்மேல் ஓங்கிப் போட்டாள். மேலாளருக்கே கேட்டிருக்கும்.

"இல்ல சார்," என்றான் தம்பி, அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டே, "பெரிய விஷயம்தான். கீழ நாற்காலி போடணும் சார். ஒண்ணு இல்ல. எல்லா மேசைக்கும்."